கலத்தலும் பிரிதலும்

பாலையும் நீரையும் கலந்து வைப்பின் நீரை ஒழித்துப் பாலை மாத்திரம் பருகவல்ல பறவையென அன்னத்தைப் போற்றுதல் இலக்கிய மரபு. நன்னூலாரும் மாணாக்கரை வகைப்படுத்துமிடத்துத் தலைமாணாக்கருக்கு அன்னத்தை உவமையாக்கினார். நல்லதைக் கொண்டு அல்லதை விடும் ஆற்றலே கல்வியின் முதற்பண்பென்பது அவர் கருத்தாதல் வேண்டும். அவ்வாறு பிரிக்கும் பறவை மெய்யாகவே உண்டோ என்பது வேறு வினா. ஆனால் கலந்தனவற்றைப் பிரித்தெடுக்கும் தொழில் உலகில் இடையறாது நிகழ்ந்து வருகின்றது. மருந்து, உலோகம், பெற்றோலியம், அணுவெரிபொருள் ஆகியவை தொடர்பான தொழிற்சாலைகளிலே பல மீற்றர் உயரமான உருக்குக் கோபுரங்கள் இரவுபகலாக அத்தொழிலைப் புரிகின்றன. இரசாயனப் பொறியியலார் அவற்றைக் கரைப்பான் பிரித்தெடுப்பு நிரல்கள் என வழங்குவர்.

பொறியியற் பீடத்தார்க்கே உரிய பொருளென்று இதனைக் கலைப்பீடத்து வாசகர் ஒதுக்கிவிடுதல் கூடும். அது பொருந்தாது. கலத்தல், பிரிதல் என்னும் இரண்டும் மனித வாழ்வுக்கும் இலக்கியத்துக்கும் எவ்வளவு அடிப்படையானவையோ, இக்கோபுரங்களுக்கும் அவ்வளவு அடிப்படையானவை. அன்றியும், அவற்றின் செயற்றிறன் சற்றுக் குறைவதும் கூடுவதும் சில வேளைகளில் ஒரு மனிதனின் உயிரையும், சில வேளைகளில் ஒரு நாட்டின் நிலத்தையும் பற்றிய வினாவாகிவிடுகின்றது.

ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்கள் ஒரு கலத்திலே நிற்கின்றன எனக் கொள்க. கீழே நீர், மேலே அதனினும் இலேசான ஒரு கரைப்பான். நீரிலே கரைந்துள்ள மூன்றாவது பொருளொன்று கரைப்பானை அதிகம் விரும்புமாயின் எல்லையைக் கடந்து அதனுட் புகும். எனினும் அது முழுவதும் புகுந்துவிடுவதில்லை. இரு திரவங்களிலும் உள்ள செறிவுகள் ஒரு குறித்த விகிதத்தை அடைந்ததும் இடமாற்றம் ஓய்ந்துவிடும். இவ்விகிதத்தை 1872 இல் பேர்த்தலோவும் யுங்பிளைசும் பரிசோதனை வாயிலாகக் காட்டினர். 1891 இல் நேர்ன்ஸ்ற் அதனைச் செம்மையான விதியாக வகுத்தார். விதி எளிது, அதனை வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில், இழப்பின்றி நிறைவேற்றுவதே அரிது. அவ்வருமையை உலகம் உணர்ந்த நிகழ்ச்சியொன்று இரண்டாவது உலகப் போரின்போது ஒக்ஸ்போர்ட்டில் நிகழ்ந்தது.

1928 இல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். ஆயினும் பூஞ்சணம் வளர்ந்த சாற்றிலிருந்து அதனைத் தூயதாகப் பிரித்தெடுக்க எவராலும் இயலவில்லை. சாற்றுக்கு அமிலஞ் சேர்த்தால் பெனிசிலின் ஈதரினுட் செல்லும் என்பதை 1932 இல் லண்டனில் றெயிஸ்ட்றிக் குழுவினர் கண்டனர். ஈதரை ஆவியாக்கியபோதோ மருந்தின் ஆற்றல் மறைந்துபோயிற்று. கிடைத்ததென்று எண்ணிய கணத்திலேயே கைநழுவிய பொருள் அது.

1940 இன் தொடக்கத்தில், ஒக்ஸ்போர்ட்டின் சேர் வில்லியம் டன் நோயியற் கல்லூரியில் புளோறியின் குழுவிற் பணியாற்றிய நோர்மன் ஹீற்லி மிக எளியதொரு கருத்தை முன்வைத்தார். அமில நிலையில் நீரைவிட்டுக் கரைப்பானுக்குச் செல்லும் பொருள், சற்றுக் கார நிலையிலுள்ள நீரைக் கண்டால் மீண்டும் நீருக்கே திரும்புமன்றோ? அவ்வாறாயின் கரைப்பானை ஆவியாக்க வேண்டியதில்லை. மருந்தை அழிவிலிருந்து காத்து, தூயதொரு நீர்க்கரைசலாக மீட்டெடுக்கலாம். பரிசோதனை அதனை மெய்ப்பித்தது. அவ்வாண்டு மே 25 ஆம் நாள் கொடிய கிருமிகள் ஏற்றப்பட்ட எட்டு எலிகளில், பெனிசிலின் பெற்ற நான்கும் பிழைத்தன. பெறாத நான்கும் மடிந்தன.

எலியினும் மனிதன் ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு எடையுடையவன். அவனுக்கு வேண்டிய மருந்தைப் பெறுவதற்குப் பெருந்தொகையான சாற்றைப் பிரிக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் உபகரணங்களுக்குப் பஞ்சம். ஹீற்லி கையிற் கிடைத்தவற்றைக் கொண்டே ஓர் அமைப்பை உருவாக்கினார். போத்தல்கள், கண்ணாடிக் குழாய்கள், பாற்கலங்கள், ஒரு குளியற்றொட்டி, கலங்கள் நிரம்பியதை அறிவிக்கும் வாசல்மணி என்பன அதன் உறுப்புக்களாயின. போட்லியன் நூலகம் கழித்துவிட்ட புத்தக அலுமாரியொன்று அதன் சட்டகமாயிற்று. குளிரூட்டி அமிலஞ் சேர்க்கப்பட்ட சாறு சிறு துளிகளாக நெடிய குழாய்களிலே கரைப்பானூடாக விழும்; கரைப்பான் எதிர்த்திசையில் மேலேறும்; மருந்தைச் சுமந்த கரைப்பான் அடுத்த கட்டத்திற் கார நீரைச் சந்திக்கும். நூல்கள் இருந்த அலுமாரியிலே அமைந்த அக்குழாய்கள், இன்றைய உருக்குக் கோபுரங்கள் செய்யும் தொழிலையே சிறிய அளவிற் செய்தன.

1941 பெப்ரவரி 12 ஆம் நாள் அல்பேட் அலெக்சாண்டர் என்னும் பொலிஸ் உத்தியோகத்தருக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது. கிருமித்தொற்றினால் ஒரு கண்ணை இழந்து மரணத்தை எதிர்நோக்கியிருந்தவர் அவர். ஒரே நாளிற் காய்ச்சல் தணியத் தொடங்கிற்று, உணவை விரும்பினார். ஆயினும் மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரைச் சேகரித்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று, அதில் வெளியேறிய பெனிசிலினை மீண்டும் பிரித்தெடுத்து, மீண்டும் அவருக்கே ஏற்றினர். ஐந்து நாட்களில் இருப்பு முற்றிலுந் தீர்ந்தது. நோய் திரும்பியது. மார்ச் 15 ஆம் நாள் அவர் இறந்தார்.

பூஞ்சணம் சுரந்ததே சொற்பம். அச்சொற்பத்திலும் ஒரு பகுதி பிரித்தெடுப்பின்போது அழிந்தது. ஒருவர் உயிர் பிழைப்பதற்கும் இறப்பதற்கும் இடையே நின்றது மருத்துவ அறிவின் குறைபாடன்று. போதிய மருந்து கைக்கு எட்டாமையே. மருந்து எதுவென்று தெரிந்திருந்தது, அது நோயைத் தீர்க்குமென்று தெரிந்திருந்தது, அது எங்கே இருக்கின்றதென்பதுந் தெரிந்திருந்தது. நீரிலிருந்து அதனைப் போதிய அளவிலே வெளிக்கொணர்தல் மாத்திரமே எஞ்சியிருந்தது. திணிவு இடமாற்றம் என்று பொறியியலார் கூறும் வறண்ட தொடரின் பொருள் இதுவே.

இனி, அவ்விடமாற்றத்தின் திறன் எதிலே தங்கியுள்ளதென நோக்குதல் தகும். முதலாவது எதிரோட்டம். ஒரு பொருள் கரைப்பானில் நீரினும் 4 மடங்கு செறிவாக நிற்குமியல்பு உடையதெனக் கொள்வோர், சம கனவளவான நீரையும் கரைப்பானையும் ஒருமுறை கலக்கிப் பிரித்தால் 100 பங்கில் 20 பங்கு நீரிலேயே தங்கிவிடுதலைக் காண்பர். அதே கரைப்பானை இரு சம பாதியாக்கி இருமுறை கலக்கினால் ஏறத்தாழ 11 பங்கு தங்கும். அதே அளவு கரைப்பானை எதிர்த்திசையிற் செலுத்தி மூன்று படிகளிற் சந்திக்கச் செய்தாலோ தங்குவது ஏறத்தாழ 1.2 பங்கே. கரைப்பான் ஒரு துளியும் கூடவில்லை; சந்திப்பின் ஒழுங்கு மாத்திரமே மாறியது. வெறுமையான கரைப்பான் வெறுமையாகிவரும் நீரையும், நிறைந்த கரைப்பான் நிறைந்த நீரையும் சந்திக்கின்றன. ஆகவே நிரலின் ஒவ்வோர் உயரத்திலும் இரு திரவங்களுக்கிடையே ஒரு வேறுபாடு நிலைத்து நிற்கின்றது. அவ்வேறுபாடே இடமாற்றத்தின் உந்துவிசை. அது அற்றால் எல்லாம் அற்றது.

இரண்டாவது சந்திக்கும் பரப்பு. ஒரு லீற்றர் திரவத்தை ஒரே கோளமாக வைத்தால் அதன் மேற்பரப்பு ஒரு சதுர மீற்றரில் இருபதில் ஒரு பங்களவே ஆகும். அதனையே 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளிகளாகச் சிதறினால் ஏறத்தாழ 2,40,000 துளிகள் உண்டாகும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 3 சதுர மீற்றர். விட்டத்தைப் பாதியாக்கினால் பரப்பு இருமடங்காகும். ஆதலாற் சிதறுதல் சிறப்புடையது.

மூன்றாவது அப்பரப்பைக் கடக்கும் வேகம். எல்லையின் இருமருங்கும் அசைவற்ற மென்படலங்கள் உள்ளன எனவும், பொருள் அவற்றினூடே மெல்லப் பரவியே செல்ல வேண்டுமெனவும் 1920களில் அமெரிக்கரான லூயிசும் விற்மனும் விளக்கினர். படலம் அசைவற்றதன்று, திரவத்தின் புதிய கூறுகள் இடைமுகத்துக்கு வந்து சற்றுத் தங்கி மீள்கின்றன என்றார் 1935 இல் ஹிக்பி. எல்லாக் கூறுகளும் ஒரே நேரமளவு தங்குவதில்லை, முகம் இடையறாது புதுக்கப்படுகின்றது என 1951 இல் அக்கொள்கையை விரித்தவர் இங்கிலாந்தின் பீற்றர் டாங்க்வேட்ஸ். 1940 இல் லண்டன் துறைமுகத்தில் வீழ்ந்த 16 கண்ணிவெடிகளை ஏறத்தாழ 48 மணிநேரம் ஓய்வின்றிச் செயலிழக்கச் செய்து, ஜோர்ஜ் சிலுவை விருது பெற்ற இளங்கடற்படையாளர் இவரே. தொட்டும் தொடாமலும் ஒன்றை அணுகுதலின் அருமையை அவர் கை முன்னரே அறிந்திருந்தது.

துளிக்குள்ளும் ஓருலகம் உண்டு. மேலெழும் துளியின் மேற்பரப்பு சுற்றியுள்ள திரவத்தால் இழுபட, உள்ளே திரவம் சுழல்கின்றது. இச்சுழற்சியின் கணிதத்தை 1911 இல் ஹடமார்ட், றிப்சின்ஸ்கி ஆகிய இருவரும் தனித்தனியே வகுத்தனர். சுழலும் துளி பொருளை விரைந்து கொள்ளும். உறைந்த துளி மெதுவாகவே கொள்ளும். சவர்க்காரம் போன்ற மேற்பரப்பை நாடும் பொருளில் மிக நுண்ணிய அளவு கலந்தாலும் அது துளியின் முகத்தில் ஒரு தோல்போற் படிந்து, சுழற்சியை அடக்கிவிடும். தூய திரவங்களைக் கொண்டு ஆய்வுகூடத்திற் பெற்ற பேறு, தொழிற்சாலையின் அழுக்குத் திரவங்களிற் கிட்டாமைக்கு இதுவுமொரு காரணம். மறுபுறம், பொருள் கடக்கும்போது மேற்பரப்பிழுவை இடத்துக்கிடம் வேறுபட்டு, முகமே தானாகக் கொதிப்பதுபோற் கலங்குதலும் உண்டு. வைன் கிண்ணத்தின் உட்சுவரிலே கண்ணீர்போல் வழியும் துளிகளுக்கு 1855 இல் ஜேம்ஸ் தொம்சனும், பின்னர் மறங்கோனியும் கூறிய காரணமே இதற்கும் பொருந்தும். 1959 இல் ஸ்ரேர்ன்லிங்கும் ஸ்கிறிவனும் இக்கலக்கத்தின் தோற்றத்தைக் கணிதத்தால் விளக்கினர்.

இவ்வளவும் அறிந்தவர், துளிகளை மேலும் மேலும் சிறிதாக்கி, திரவங்களை மேலும் மேலும் கலக்கினாற் போதுமே எனக் கருதுதல் இயல்பு. இங்கேதான் நிரல் தன் பாடத்தைப் புகட்டுகின்றது. துளி சிறுத்தால் அது மெதுவாகவே எழும். எதிரே வரும் திரவத்தின் வேகம் துளியின் வேகத்தை வெல்லுமாயின் துளிகள் முன்செல்லாது தேங்கி, வந்த வழியே அடித்துச் செல்லப்படும். பொறியியலார் இதனை வெள்ளப்பெருக்கு என்பர். இன்னும் கடுமையாகக் கலக்கினால் இரு திரவங்களும் பாற்குழம்பாகி, நாட்கணக்கிற் பிரிய மறுக்கும். பெனிசிலின் சாற்றிலுள்ள புரதங்கள் இத்தகைய குழம்புக்கு எளிதில் வழிவகுப்பன. மிகவும் இறுகத் தழுவியவை பிரியமாட்டாமையால், தழுவியதன் பயனே இல்லாமற் போகின்றது.

இதனினும் நுட்பமானது பின்கலப்பு என்னும் தீங்கு. நிரலின் மேலும் கீழும் திரவம் ஒழுங்காகச் சென்றாலன்றோ ஒவ்வோர் உயரத்திலும் வேறுபாடு நிலைக்கும்? கலக்கும் விசையோ திரவத்தைப் பக்கவாட்டில் மாத்திரமன்றி மேல்கீழாகவும் புரட்டுகின்றது. பொருளை இழந்து கீழே வந்த நீர், சுழியில் அகப்பட்டு மீண்டும் மேலே சென்று நிறைந்த நீருடன் கலக்கின்றது. படிப்படியாக ஈட்டிய வேறுபாடு அங்கே கரைந்துவிடுகின்றது. ஓட்டத்திற் புகுந்த கூறுகள் யாவும் ஒரே காலமளவு உள்ளே தங்குவதில்லை, சில விரைந்து தப்புகின்றன, சில நெடிது தங்குகின்றன என்பதை 1953 இல் ஒழுங்குபட ஆராய்ந்தவரும் முற்கூறிய டாங்க்வேட்ஸ்தான். சில சதமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயிற் சிறக்கச் செயற்பட்ட ஒழுங்கு, ஓரிரு மீற்றர் விட்டமுள்ள உருக்குக் கோபுரத்திற் சோர்ந்துபோதல் இதனாலேயே. பெரிய நிரல்களிற் சில, தம் உயரத்தின் பெரும்பகுதியைப் பிரித்தெடுப்புக்கன்றிப் பின்கலப்பின் நட்டத்தை ஈடுசெய்வதற்கே செலவிடுகின்றன.

ஆகவே நிரலை ஆக்குவோரின் வரலாறு முழுவதும், கலக்குதலையும் கட்டுப்படுத்தலையும் ஒருங்கே நாடிய வரலாறாகவே அமைந்தது. 1935 இல் வான் டைக் துளைத்தட்டுக்களையும் துடிப்பையும் இணைத்து ஓரமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1948 இல் ஷைபெல், கலக்கும் அறைகளையும் கம்பிவலை நிறைந்த அமைதியான அறைகளையும் மாறிமாறி அடுக்கினார். கலக்கியதன் பின் ஓய்வு வேண்டுமென்பதை அவர் நிரலின் அமைப்பிலேயே எழுதினார் எனலாம். அதனையடுத்து நெதர்லாந்தில் றேமன், சுழலும் தட்டுக்களுக்கிடையே நிலையான வளையங்களை வைத்துப் புரட்டலை அறைக்குள் அடக்கினார். 1959 இல் கார் தட்டுக்களையே மேலுங்கீழும் அசையச் செய்தார். பெனிசிலினுக்கோ காலம் பகையாயிற்று. அமில நிலையில் அது விரைந்து அழியுமாதலின் நெடிய கோபுரத்தில் ஆறுதலாக விழுந்து பிரிய அவகாசமில்லை. சிக்காகோவின் பொட்பீல்னியாக் ஆக்கிய சுழல் இயந்திரம், புவியீர்ப்பினும் பன்மடங்கு வலிய மையநீக்க விசையால் இரு திரவங்களையும் மிகக் குறுகிய நேரத்திற் சந்திக்கவும் பிரியவும் வைத்தது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் அதனைக் கைக்கொண்டன. ஒக்ஸ்போர்ட்டில் ஒருவருக்குப் போதாத மருந்து, போர் முடியுமுன் படையினர்க்குப் பெருமளவிற் கிட்டியது.

1945 ஆம் ஆண்டின் நொபெல் பரிசை பிளெமிங், புளோறி, செயின் ஆகிய மூவர் பகிர்ந்தனர். ஹீற்லியின் பெயர் அதில் இல்லை. 1990 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் மருத்துவரல்லாத அவருக்குக் கௌரவ மருத்துவக் கலாநிதிப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. கண்டறிந்தவரை உலகம் உடனே அறிகின்றது. பிரித்தெடுத்தவரை ஐம்பது ஆண்டுகள் சென்றே அறிகின்றது.

நிரல் தான் பிரிப்பது இன்னதென்று அறியாது. மருந்தைப் பிரித்த அதே தத்துவம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்போர்ட் என்னுமிடத்திற் புளூட்டோனியத்தையும் பிரித்தது. 1945 இல் நாகசாகியில் வீசப்பட்ட குண்டுக்கான புளூட்டோனியம் அங்கேயே ஆக்கப்பட்டதாயினும், அப்போது அது வீழ்படிவு முறையாலேயே பிரிக்கப்பட்டது. 1952 இல் முதலாவது கரைப்பான் ஆலையும், 1956 இல் துடிப்பு நிரல்களைக் கொண்ட பியூறெக்ஸ் ஆலையும் அங்கே இயங்கத் தொடங்கின. கதிரியக்கம் நிறைந்த அறைக்குள் மனிதர் சென்று பழுதுபார்த்தல் இயலாது. ஆதலின் உள்ளே சுழலும் உறுப்பொன்றுமின்றி, வெளியிலிருந்து தரும் துடிப்பினாலேயே துளிகளை ஆக்கும் நிரல் அங்கே மிகவும் பொருந்திற்று. அது 100 பங்கில் 99 இற்கும் மேற்பட்ட புளூட்டோனியத்தை மீட்டுத் தந்தது. திறன் என்னும் அளவுகோலால் அளப்பின் மாபெரும் வெற்றி.

ஆனால் நிரலுக்கு வாயில்கள் இரண்டு. ஒன்றிலே வேண்டிய பொருளைச் சுமந்த கரைப்பான் வெளியேறுகின்றது. மற்றையதில் வேண்டாதன யாவற்றையும் சுமந்த எச்சக் கரைசல் வெளியேறுகின்றது. ஹான்போர்ட்டில் அவ்வெச்சமும், முந்திய முறைகளின் எச்சமும் 177 நிலக்கீழ்த் தாங்கிகளிற் சேர்ந்தன. அவற்றின் அளவு ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம் கலன். லீற்றரிற் கூறின் 20 கோடிக்கும் மேல். ஒற்றைச் சுவருடைய தாங்கிகளிற் பல கசிந்தன. அருகே கொலம்பியா நதி ஓடுகின்றது. எச்சத்தைச் செயலற்றதாக்கும் வேலை, அதனை உண்டாக்கிய வேலையினும் நெடியதாயிற்று.

பிரித்தல் என்பது நீக்குதலன்று. வேண்டியதை ஓரிடத்திற் சேர்க்கும்போதே வேண்டாததும் இன்னோரிடத்திற் சேர்கின்றது. அல்லதை விட்ட அன்னம் அதனை எங்கே விட்டதென்று புலவர் எவரும் வினவியதில்லை. கிண்ணத்தளவு நீருக்கு அவ்வினா தேவைப்படவுமில்லை. கோபுரங்கள் பிரிக்கும் காலத்தில் அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

ஒரு நிரலின் செயற்றிறனை எத்தகைய வன்மையுடன் அது கலக்குகின்றதென்பதைக் கொண்டு மதிப்பிடுதல் தவறு என்பது பொறியியலார் நீண்ட அனுபவத்தால் அறிந்த உண்மை. வேறுபாட்டைக் கடைசிப் படிவரை காத்து, நெருங்கிச் சந்திக்கச் செய்து, பின் செம்மையாகப் பிரியவும் வைப்பதே நல்ல நிரல். அம்மதிப்பீட்டை மேல்வாயிலில் மாத்திரம் நின்று செய்வது பாதி மதிப்பீடே. அல்பேட் அலெக்சாண்டருக்கு ஏற்ற மருந்து ஒக்ஸ்போர்ட்டில் மேல்வாயிலிற் போதாதிருந்தது. ஹான்போர்ட்டில் கீழ்வாயிலில் வந்தது மிகையாயிருந்தது. இரு வாயில்களிலும் நின்று கணக்கெடுக்கும் பொறுப்பு இயந்திரத்துக்கு இல்லை. அது அதனை இயக்குவோருக்கும், அவர்களை இயக்கும் சமுதாயத்துக்கும் உரியது.